பிக்கப் வண்டியில் மெது வேக நடுக்கமும் தூக்கிப்போடுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் பல வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். கூட ஓட்டும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு விஷயம்தான். "அண்ணே, இருபது முப்பதுல வண்டி நடுங்குது." "அண்ணே, காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுது." அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பொலேரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் போல எஞ்சின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால், நடுவில் எஞ்சின் இழுப்பைப் பின்னால் கொண்டுபோகும் நீளமான பிராப்பல்லர் ஷாஃப்ட், பின்பக்கம் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புக் கமான் பட்டை என்று இருக்கிற வண்டிகளுக்கு இது பொருந்தும்.

மெதுவாகப் போகும்போதுதான் நடுங்குகிறது. வீல் பேலன்சிங் செய்தால் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. நடுக்கம் என்றதும் எல்லோரும் முதலில் போய் நிற்பது பேலன்சிங் கடையில்தான். நானும் அப்படித்தான் நின்றேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை ஈயம் ஒட்டினார்கள், நடுக்கம் இம்மியும் குறையவில்லை. கடைசியில் பார்த்தால் பிராப்பல்லர் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் அது வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, வேகத்தின் இருமடியில் வளரும். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். 40 கி.மீ. வேகத்தில் அந்த இழுப்பு ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம். 80 கி.மீ.யில் அதுவே நான்கு கிலோ ஆகிவிடும். ஆகவே பேலன்சிங் கோளாறு என்றால் வேகம் ஏற ஏறத்தான் தெரியும், பெரும்பாலும் 70, 80க்கு மேல். 20லும் 30லும் தெரிகிற நடுக்கத்துக்குக் காரணம் வேறு. டயர் வட்டம் கெட்டிருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், ஷாஃப்டின் ஜாயின்ட் போயிருக்கலாம், கிளட்ச் உதறலாம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் விட்டிருக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போய்வந்தால் ரிம்மின் உள்பக்கம் களிமண் கட்டிக் காய்ந்துவிடும். அரைக் கிலோ மண் ஒரே பக்கம் ஒட்டினால் மெது வேகத்திலேயே நன்றாகத் தெரியும். முதலில் ரிம்மின் உள்பக்கம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

பட்டறைக்குப் போகும் முன் நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. நடுக்கம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். வண்டி வேகத்தோடு மாறுகிறதா, எஞ்சின் ஆர்.பி.எம்.மோடு மாறுகிறதா, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, பாரம் ஏற்றினால் கூடுகிறதா குறைகிறதா? இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

விடியற்காலையில் ஆளில்லாத, நேரான, நல்ல தார் ரோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். சிமெண்ட் ரோடு வேண்டாம். அதில் சில மீட்டருக்கு ஒரு இணைப்பு இருக்கும், டப் டப் என்று ஒரே தாளத்தில் அடித்து உங்களைக் குழப்பிவிடும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்வது நல்லது. கவனிக்க ஒருவர், ஓட்ட ஒருவர்.

நடுக்கம் வரும் வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றி ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் ஆர்.பி.எம். மாறியும் நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சினை விட்டுவிடலாம். அடுத்து நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக ஓட விடுங்கள். அப்போதும் நடுங்கினால் டயர், ரிம், ரிம்மை மாட்டும் ஹப் பக்கம் தேடுங்கள். நியூட்ரலில் நின்றுபோய், ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் திரும்ப வந்தால் முறுக்கு ஏறும் இடங்களில் கோளாறு இருக்கிறது. ஷாஃப்ட் ஜாயின்ட், சென்டர் பேரிங், மவுண்டிங் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இந்தச் சோதனையில் சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் ஆஃப் செய்யாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும்.

நடுக்கத்தின் தாளத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு நன்றாகவே சொல்லலாம். 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 2.2 மீட்டர் நகரும். 20 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் வினாடிக்கு இரண்டரைச் சுற்று சுற்றுகிறது. பின் அச்சு இருக்கும் ஹவுசிங்கில் உள்ள கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களின் விகிதம் நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பிராப்பல்லர் ஷாஃப்ட் வினாடிக்குப் பத்துச் சுற்று. ஷாஃப்டின் முனையில் கூட்டல் குறி வடிவக் கிராஸ் வைத்த ஜாயின்ட் சாய்ந்த கோணத்தில் வேலை செய்யும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைக்கும். அப்படியானால் வினாடிக்கு இருபது.

இந்த மூன்றும் உடம்புக்கு மூன்று விதமாகத் தெரியும். தொடையில் தாளம் போட்டு எண்ண முடிகிற அளவுக்கு மெதுவாக ஆடினால் சக்கரம். எண்ண முடியாமல் நடுநடுவென்று வந்தால் ஷாஃப்ட். உர்ர் என்று தரையும் கேபினும் சேர்ந்து அதிர்ந்தால் ஜாயின்ட் கோணம், அல்லது எஞ்சின். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் 800 ஆர்.பி.எம். ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 27 தடவை வெடிப்பு நடக்கிறது, அதுவும் இதே உர்ர் வகையில்தான் வரும். எஞ்சினா ஜாயின்ட்டா என்று பிரிக்கத்தான் மேலே சொன்ன கியர் மாற்றும் சோதனை.

இப்போது கைப்பேசியிலேயே அதிர்வை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. சீட் தண்டவாளத்தின் மேல் கைப்பேசியை இறுக்கி வைத்தால் வினாடிக்கு எத்தனை என்று காட்டும். எண்ண முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

ஸ்டீயரிங் ஆடினால் முன்பக்கம், சீட் ஆடினால் பின்பக்கம் என்று சொல்வது சரியா?

பெரும்பாலும் சரி, ஆனால் அதை மட்டும் நம்பிப் பொருள் வாங்காதீர்கள். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த ஆட்டம் சீட்டுக்குப் போய்விட்டால் சக்கரம்தான் குற்றவாளி. இடம் மாற்றியும் ஸ்டீயரிங்கே ஆடினால் ஹப் பேரிங், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட் ஆட்டம் தெரியும். இடது வலதாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும்.

டயர் பார்க்க நன்றாக இருக்கிறது, தரையில் பதியும் பட்டன் தேயவில்லை. அப்படியும் டயர்தான் காரணமா?

இருக்கலாம். பட்டன் இருப்பதாலேயே டயர் நல்லது என்று ஆகிவிடாது. டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு ரப்பரை விட்டுப் பிரியத் தொடங்கினால் முதல் அடையாளமே மெது வேக ஆட்டம்தான். 15, 20 வேகத்தில் வண்டி வாத்து நடப்பதுபோல் இடமும் வலமுமாக அசையும். வேகம் கூடினால் அந்த அசைவு கலந்து மறைந்துபோகும், டிரைவரும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கோளாறு அதே இடத்தில்தான் இருக்கும். பாரத்தோடு, வெயிலில், நாற்கர சாலையில் போகும்போது அந்த டயர் உரிந்து வெடிக்கும்.

கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயர் முகத்துக்கு அருகில் ஒரு கம்பியையோ சாக்பீஸையோ அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வட்டம் கெட்டிருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே உடம்புக்குத் தெரியும். அடுத்து ரிம்மின் விளிம்பிலும் அதேபோல் பாருங்கள். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் ஆடினால் டயர், ரிம்மும் சேர்ந்து ஆடினால் ரிம், அல்லது ஹப். ரிம்மைக் கழற்றி ஹப் முகத்தில் துருவோ மண்ணோ இருக்கிறதா என்று பார்த்துக் கம்பி பிரஷ் போடுங்கள். அந்த முகத்தில் சிறு துகள் இருந்தாலே சக்கரம் சாய்ந்து உட்கார்ந்து, வெளிவிளிம்பில் பெரிய ஆட்டமாகத் தெரியும்.

கையால் டயர் முகத்தையும் பக்கச்சுவரையும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வீக்கம் கைக்குத் தெரியும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயரை ஸ்டெப்னியிலிருந்து எடுத்து மாட்டியிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வண்டி ஒரு வாரம் நின்றிருந்து எடுத்தால் முதல் சில கிலோமீட்டர் நடுங்குகிறது?

டயர் தரையில் அழுந்திய இடம் தட்டையாகியிருக்கும். நைலான் டயரில் இது அதிகம், ரேடியலில் குறைவு. சூடேறியதும் போய்விட்டால் கவலை வேண்டாம். பாரத்தோடு வண்டியைப் பல நாள் நிறுத்தாதீர்கள், காற்று குறைந்த நிலையிலும் நிறுத்தாதீர்கள்.

முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறுகிறது. கிளட்சா, ஷாஃப்டா?

இந்த இடத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. இரண்டுமே கிளம்பும்போது வரும், இரண்டுமே உதறல்தான். பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. உதறும் நேரத்தில் உங்கள் இடது கால் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கிளட்ச் பெடல் பாதியில் இருக்கும்போது உதறி, காலை முழுதாக எடுத்ததும் நின்றால் கிளட்ச். காலை முழுதாக எடுத்த பிறகும் 10லிருந்து 25 கி.மீ. வரை உதறிக்கொண்டே போனால் ஷாஃப்ட். ரிவர்ஸிலும் ஒருமுறை பாருங்கள், கிளட்ச் உதறல் என்றால் ரிவர்ஸில் இன்னும் நன்றாகத் தெரியும்.

கிளட்ச் என்று தெரிந்தாலும் உடனே பிளேட் வாங்க ஓடாதீர்கள். எஞ்சின் மவுண்டிங்கும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் கிழிந்திருந்தால் இதே உதறல் வரும், அவற்றைப் பார்க்க எதையும் இறக்க வேண்டியதில்லை. மவுண்டிங் நன்றாக இருந்தால்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கியதும் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா, ஃப்ளைவீல் முகத்தில் நீலமாகக் கருகிய திட்டுகள் இருக்கின்றனவா, பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா. எண்ணெய் பட்டிருந்தால் அது எஞ்சின் பின் சீலிலிருந்தோ கியர்பாக்ஸ் முன் சீலிலிருந்தோ வருகிறது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்ப அதே கதைதான்.

சென்டர் பேரிங் போனால் ஏன் மெது வேகத்தில் மட்டும் நடுங்குகிறது?

எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. பின் சக்கரத்துக்கு முறுக்கு போகும்போது ஹவுசிங் தன்னைத்தானே எதிர்த்திசையில் திருப்பிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது கமான் பட்டைதான். முதல் கியரில் முறுக்கு மிக அதிகம் என்பதால் பட்டை லேசாக வளைந்துகொடுக்கும், பினியனின் மூக்கு மேலே எழும்பும். அந்த நொடியில் ஷாஃப்டின் கோணம் மாறிவிடுகிறது. கோணம் கூடினால் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைப்பதும் கூடும். அந்த உதையைத் தாங்கிக்கொள்ளத்தான் சென்டர் பேரிங்கைச் சுற்றி ரப்பர் வைத்திருக்கிறார்கள். ரப்பர் கிழிந்துவிட்டால் ஷாஃப்டின் நடுப்பகுதி மேலும் கீழும் குதிக்கும். கியர் மாற்றி முறுக்கு குறைந்ததும் மூக்கு தன் இடத்துக்கு இறங்கும், நடுக்கமும் அடங்கிவிடும். மேட்டில் பாரத்தோடு கிளம்பும்போது அதிகமாகவும், சமதளத்தில் காலி வண்டியில் குறைவாகவும் தெரிவது இதனால்தான்.

சோதிக்க வேண்டுமென்றால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்திய பிறகு கீழே போங்கள். ஷாஃப்டை சென்டர் பேரிங் பக்கத்தில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். லேசாக அமுங்கித் திரும்ப வந்தால் நல்லது. லொடக்கென்று ஆடினாலோ ரப்பரில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டும். கூடவே கிராஸையும் பாருங்கள். இரண்டு கையால் ஜாயின்ட்டின் இரு பக்கமும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கப் ஓரத்தில் செம்மண் நிறத்தில் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வறண்டு ஊசி பேரிங் துருப்பிடித்துவிட்டது.

கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து நாலாவதில் வரவில்லையென்றால் அந்த நாலாவதுதான் முதலில் போகும். வாய்க்கால், ஆறு என்று தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிக்குக் வழக்கமாகக் கிரீஸ் அடிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே அடித்துவிடுங்கள்.

கிராஸ் மாற்றிய பிறகுதான் நடுக்கமே வந்தது. புதுக் கிராஸ் மட்டமா?

கிராஸைக் குறை சொல்லும் முன் ஷாஃப்டை மாட்டிய விதத்தைப் பாருங்கள். ஷாஃப்டின் நடுவில் பல் வைத்த சறுக்கும் பகுதி இருக்கும். கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், ஒரு ஜாயின்ட்டின் உதையை மறு ஜாயின்ட் சமன் செய்வது நின்றுபோகும். வேகம் எதுவானாலும் உர்ர் என்று அதிரும். அதனால் ஷாஃப்டைக் கழற்றும் முன்பே உளியாலோ பெயிண்டாலோ இரண்டு பக்கமும் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். நீங்களே பக்கத்தில் நின்று வைக்கச் சொல்லலாம், நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அடையாளம் இல்லாமல் மாட்டியாகிவிட்டதென்றால் உங்கள் வண்டியைப்போலவே இன்னொரு வண்டியின் கீழே பார்த்து, கிராஸைப் பிடித்திருக்கும் கொம்புகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று ஒப்பிட்டு மாட்டலாம்.

பாரம் தாங்க வேண்டுமென்று கூடுதல் பட்டை போட்டேன். அதிலிருந்து நடுக்கம், தூக்கிப்போடுதல் இரண்டும் வந்துவிட்டன.

எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தவுடன் செய்கிற முதல் வேலையே இதுதான், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பட்டை கூட்டினால் பின்பக்கம் உயரும். உயர்ந்தால் கியர்பாக்ஸுக்கும் பினியனுக்கும் நடுவே ஷாஃப்ட் படுத்திருக்கும் கோணம் மாறிவிடும். கம்பெனியில் கணக்குப் போட்டு வைத்த கோணம் அது. காலி வண்டியில் நடுங்கி, ஒரு டன் ஏற்றியதும் நடுக்கம் நின்றால் இதுதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பட்டை வேலை தெரிந்த பட்டறையில் ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியன் கோணத்தைத் திருத்துவார்கள். அதைவிட நல்ல வழி, கூட்டிய பட்டையை எடுத்துவிடுவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டை கூட்டினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடிவிடாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பிரேக்கும் ஹவுசிங்கும் டயரும் பழைய பாரத்துக்குத்தான் செய்தவை.

நின்றுகொண்டிருக்கும்போதே நடுங்குகிறது.

அப்படியானால் சக்கரத்தையும் ஷாஃப்டையும் விட்டுவிடுங்கள். ஐடிலில் நடுங்கி, ஆர்.பி.எம்.மை 1,200, 1,500க்கு ஏற்றியதும் அடங்கினால் எஞ்சின் மவுண்டிங் பக்கம் பாருங்கள். ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு உதறினால் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை, இன்ஜெக்டர் பார்க்கிறவரிடம் போங்கள். சைலன்சர் பைப் சேஸியில் இடித்துக்கொண்டிருந்தாலும் கேபின் முழுக்க அதிரும். தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கும், சின்ன வேலை.

பிரேக் பிடிக்கும்போது மட்டும்?

பெடல் காலில் துடித்து, கூடவே ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்க். சீட்டில் மட்டும் தெரிந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். மலையிறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து, அடிவாரத்தில் சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள். கொடைக்கானல் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கினால் இந்தப் பிரச்சினையே வராது.

காலி வண்டி பள்ளம் மேட்டில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இது கோளாறா, பிக்கப்பின் இயல்பா?

கொஞ்சம் இயல்புதான். ஒரு டன்னுக்கு மேல் தாங்கச் செய்த பட்டை காலி வண்டிக்கு அசையவே அசையாது. எவ்வளவு இயல்பு, எவ்வளவு கோளாறு என்று பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். மணல் மூட்டை நான்கை, சுமார் 200 கிலோ, ஹவுசிங்குக்கு நேர் மேலே போட்டு நகராமல் கட்டுங்கள். அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். நன்றாக மென்மையானால் வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. 200 கிலோ ஏற்றியும் ஒன்றும் மாறவில்லையென்றால் பட்டை எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது காற்று அளவு தப்பு.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதை வையுங்கள். பல பிக்கப்களில் முழுப் பாரம் ஏற்றும்போது பின்பக்க டயரில் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைக்கச் சொல்லியிருப்பார்கள். காலி ஓட்டத்துக்கு ஸ்டிக்கரில் தனி அளவு இருந்தால் அதற்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பலர் ஏற்றும்போது பிடித்த காற்றிலேயே காலியாகத் திரும்பி, வண்டியைத் திட்டுகிறார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். தூக்கிப்போடுகிறது என்று பட்டறைக்குப் போகும் வண்டிகளில் நான் பார்த்த வரை பாதிக்கு இதுவே மருந்து. ஆனால் காலிக்குக் குறைத்த காற்றோடு பாரம் ஏற்றிவிடாதீர்கள். டயர் சூடேறிப் பக்கச்சுவர் போய்விடும்.

கமான் பட்டைக்குப் பழைய ஆயில் ஊற்றலாமா? எல்லோரும் ஊற்றுகிறார்களே.

வேண்டாம். ஆயில் வழிந்து பட்டையின் முனையில் இருக்கும் புஷ் ரப்பரில் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும், பட்டைக்குள் புழுதி ஒட்டிச் சாந்துபோல் ஆகிவிடும். பட்டைகள் வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஐந்து பட்டையும் ஒரே கட்டை மாதிரி ஆகி, சின்னப் பள்ளத்தில்கூட முதுகெலும்பு வரை அடிக்கும். சரியான வழி, கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டுவது. பட்டை நுனிகளில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துண்டு வைத்த வண்டியென்றால் கிரீஸ் வேண்டாம், தேய்ந்த துண்டை மாற்றினாலே போதும்.

பிரிக்கும்போது பக்கவாட்டுக் கிளிப்புகள் பட்டையை இறுக்கிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். பாரம் ஏறினால் மட்டும் துணைக்கு வரும் ஹெல்பர் பட்டை காலி வண்டியில் தொடாமல் நிற்க வேண்டும். காலியிலேயே தொட்டுக்கொண்டிருந்தால் மெயின் பட்டை வளைவு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

புஷ் எல்லாம் புதிதாகப் போட்டும் கடினமாகவே இருக்கிறது?

போல்ட்டை எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். இது பட்டறையில் பலர் கவனிக்காத விஷயம். ரப்பர் புஷ் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொடுத்து வேலை செய்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே நிற்கும். வண்டி கடினமாக ஓடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. தப்பாக இறுக்கியிருந்தால் புதுப் புஷ் வாங்க வேண்டியதில்லை. வண்டியைத் தரையில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்துத் திரும்ப இறுக்கினால் போதும். பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட் நட்டையும், புதுப் பட்டை போட்டுச் சில நூறு கிலோமீட்டர் பாரத்தோடு ஓடியபின் ஒருமுறை இறுக்க வேண்டும்.

ஷாக் அப்சார்பர் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

காரில் செய்வதுபோல் ஓரத்தை அழுத்தி விட்டுப் பார்ப்பது பிக்கப்பின் பின்பக்கத்துக்குப் பயன்படாது. பட்டைகளின் உராய்வே வண்டியை நிறுத்திவிடும். ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இழுக்கும்போதும் தள்ளும்போதும் விட்டுவிடாமல் சீராகத் தடுக்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஓடினாலோ, எண்ணெய் வழிந்திருந்தாலோ, அசையாமல் இறுகியிருந்தாலோ ஜோடியாக மாற்றுங்கள். கூடவே சேஸியில் உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரையும் பாருங்கள். அது விழுந்துபோயிருந்தால் ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் இரும்போடு இரும்பு மோதும்.

எந்த நடுக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

திடீரென்று தொடங்கிக் கூடிக்கொண்டே போகும் எந்த நடுக்கமும். சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம், டயர் பிரிந்துகொண்டிருக்கலாம், ஷாஃப்ட் ஜாயின்ட் கழன்றுவிழப் போகலாம். சக்கரம் மாற்றிய அன்றே நடுக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தி நட்டைப் பாருங்கள். எதிரெதிர் நட்டாக இறுக்கி, 50 கி.மீ. ஓடியபின் திரும்ப ஒருமுறை இறுக்குவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் வண்டி நண்டுபோல் சாய்ந்து போகிறது என்று சொன்னால் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஹவுசிங் நகர்ந்திருக்கும். பாரத்தை இறக்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நடுக்கத்தைப் பார்க்க ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கியர் போட்டு ஓடவிடுவார்கள் சிலர். ஜாக்கி சரிந்து அந்தச் சக்கரம் தரையைத் தொட்டால் வண்டி ஓடிவிடும். கீழே ஆள் இருக்கும்போது எஞ்சினே ஓடக் கூடாது.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொன்னால் சரியாகப் புரியும்?

"வண்டி நடுங்குது" என்று மட்டும் சொன்னால் அவரும் ஒவ்வொரு பொருளாக மாற்றித்தான் பார்க்க முடியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, முதல் கியர்ல கிளட்ச்சை முழுசா விட்ட பிறகும் பத்துல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் உதறுது. பாரம் இருந்தா அதிகம். நியூட்ரல்ல தள்ளினா இல்ல. முன் சக்கரம் பின் சக்கரம் மாத்திப் பார்த்தேன், மாறல." இதைக் கேட்ட நல்ல மெக்கானிக் டயர் பக்கமே போக மாட்டார். நேராக வண்டிக்கு அடியில் போய் ஷாஃப்டைத்தான் பிடிப்பார். முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டிவிட்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள்.